கேட்டவரும் கேளாதவரும்: அமெரிக்க மாநிலங்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்குத் திட்டங்கள்

1964 செப்டம்பர் 3 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இரண்டு சட்டங்களில் கையொப்பமிட்டார். ஒன்று காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டம். சுற்றுச்சூழல் வரலாறு எழுதுவோர் எவரும் அதைத் தொடாமல் கடந்து செல்வதில்லை. மற்றொன்று நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம். அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிர்வாக அறிக்கைகளோடு நின்றுவிடுகிறது. ஆயினும் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பந்தாட்டத் திடல், மாவட்டப் பூங்காவின் நீச்சல் குளம், ஏரிக்கரையின் படகுத்துறை ஆகியவற்றின் பின்னால் தேடினால் பல இடங்களில் இந்த இரண்டாவது சட்டத்தின் பணமே நிற்கும்.

அப்பணத்தைப் பெற மாநிலங்களுக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. மாநிலம் முழுமைக்குமான திறந்தவெளிப் பொழுதுபோக்குத் திட்டம் ஒன்றை எழுதிக் கூட்டரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். திட்டம் இல்லையேல் பணம் இல்லை. இந்த நிபந்தனையால் 50 மாநிலங்களிலும் ஒரே வகையான ஆவணம் மீண்டும் மீண்டும் எழுதப்படலாயிற்று. மாநிலத்தில் என்ன நிலம் உள்ளது, மக்கள் எங்கே சென்று என்ன செய்கின்றனர், எது போதவில்லை, அடுத்த ஆண்டுகளில் எங்கே செலவிட வேண்டும் என்பன அதன் உள்ளடக்கம். வாசிப்பதற்கு வறண்டவை அவை. ஆனால் பொதுமக்கள் எனும் சொல்லுக்குள் யாரை அடக்குவது, யாரை விடுவது என்பதைத் தீர்மானித்த ஆவணங்களும் அவையே.

முன்வரலாறு

மாநில அளவில் பூங்காக்களைத் திட்டமிடும் எண்ணம் 1964இல் தோன்றியதன்று. 1909இல் நிலவடிவமைப்பாளர் ஜான் நோலன் விஸ்கான்சின் மாநிலத்திற்காக ஓர் அறிக்கை எழுதினார். எந்த இடத்தை அரசு வாங்க வேண்டும், ஏன் வாங்க வேண்டும் என்று காரணம் காட்டி நான்கு இடங்களை அவர் பரிந்துரைத்தார். டெவில்ஸ் ஏரி அவற்றுள் ஒன்று. அழகிய இடம் ஒன்றைச் செல்வர் ஒருவர் நன்கொடையாகத் தந்தால் பெற்றுக்கொள்வது என்ற வழக்கத்திலிருந்து, மாநிலமே தேர்ந்து வாங்குவது என்ற நிலைக்கு இது ஒரு நகர்வு.

1921 ஜனவரியில் தேசியப் பூங்காச் சேவையின் இயக்குநர் ஸ்டீபன் மேதரின் முயற்சியால் அயோவாவின் டி மாய்ன் நகரில் பூங்காக்களுக்கான தேசிய மாநாடு கூடியது. அப்போதிருந்த 48 மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒரு மாநிலப் பூங்காகூட இல்லை. அடுத்த பெரும் அடி கலிபோர்னியாவில் எடுத்துவைக்கப்பட்டது. பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் ஜூனியர் மாநிலமெங்கும் ஆய்வு நடத்தி, பூங்காவாகத் தகுந்த இடங்களை வரிசைப்படுத்தினார். 1928 நவம்பரில் வாக்காளர்கள் 60 லட்சம் டாலர் கடன்பத்திரத்திற்கு ஒப்புதல் அளித்தனர். அப்பணத்தைப் பெற ஒவ்வொரு இடத்திற்கும் இணையான தொகை வேறு வழியில் திரட்டப்பட வேண்டும் என்பது விதி. முதலில் ஆய்வு, பிறகு சமபங்கு மானியம் என்னும் அந்த இணைப்பு, 36 ஆண்டுகள் கழித்து நாடு முழுமைக்குமான சட்டத்தில் மறுபடியும் தோன்றியது.

பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட குடிமக்கள் பாதுகாப்புப் படை, 1933 முதல் 1942 வரை ஏறத்தாழ 800 பூங்காக்களை உருவாக்கவோ மேம்படுத்தவோ செய்தது. கூலி கூட்டரசுடையது, நிலம் மாநிலத்துடையது. பூங்காத் துறையே இல்லாத மாநிலங்கள்கூட இப்பணியைப் பெறுவதற்காக அவசரமாகத் துறைகளை அமைத்தன. 1936இல் வந்த சட்டம், மாநிலங்களோடு சேர்ந்து பொழுதுபோக்கு நிலங்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பைத் தேசியப் பூங்காச் சேவையிடம் தந்தது. 1941இல் அதன் தொகுப்பறிக்கை வெளிவந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அறிக்கை அலமாரிக்குச் சென்றது.

வேலியிடப்பட்ட பொதுமை

இந்த ஆண்டுகளில் தென்மாநிலங்களில் பொதுப் பூங்கா என்றால் பெரும்பாலும் வெள்ளையருக்கான பூங்கா. கறுப்பினத்தவர் மற்றவர்களைப் போலவே வரி செலுத்தினர்; நுழைவு அவர்களுக்கு இல்லை. விர்ஜினியாவில் ஸ்டாண்டன் ரிவர் மாநிலப் பூங்காவில் அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்கு எழுந்தது. மாநில அரசு அப்பூங்காவைத் திறந்துவிடவில்லை. மாறாக, 1950இல் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பூங்கா ஒன்றை அமைத்தது. திட்டமிடல் என்பது சமத்துவத்தை ஒத்திப்போடும் கருவியாகவும் பயன்பட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1955 நவம்பரில், பால்டிமோர் நகரக் கடற்கரைகளும் மேரிலாந்தின் சாண்டி பாயிண்ட் மாநிலப் பூங்காவும் தொடர்பான வழக்குகளில், இனப்பிரிவினை செல்லாது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சில மாநிலங்கள் பணிந்தன; சில பணியவில்லை. தென் கரோலினா 1956இல் எடிஸ்டோ கடற்கரைப் பூங்காவை மூடியது. 1963இல் கூட்டரசு நீதிமன்றம் எல்லாப் பூங்காக்களையும் அனைவருக்கும் திறக்க ஆணையிட்டபோது, அம்மாநிலம் தன் மாநிலப் பூங்காக்கள் அனைத்தையும் இழுத்து மூடியது. அடுத்த ஆண்டு நீச்சலும் தங்கும் குடில்களும் இல்லாமல் ஓரளவு திறந்தது. 1966இல்தான் அவை முழுமையாகத் திறக்கப்பட்டன. கறுப்பினச் சிறுவரோடு ஒரே நீரில் இறங்குவதைவிட ஒருவரும் நீரில் இறங்காதிருப்பதே மேல் என்று ஓர் அரசு முடிவெடுத்த அதே மாதங்களில்தான், நாடு முழுமைக்குமான பொழுதுபோக்குச் சட்டம் வாஷிங்டனில் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

440 கோடி முறை

போருக்குப் பின் அமெரிக்கரிடம் காரும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் பெருகின. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. பூங்காக்களில் கூட்டம் பிதுங்கியது. ஐசக் வால்டன் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் பென்ஃபோல்டு உள்ளிட்டோரின் வற்புறுத்தலால், 1958 ஜூனில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் திறந்தவெளிப் பொழுதுபோக்கு வளங்களை மறுஆய்வு செய்யும் ஆணையத்திற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். 15 உறுப்பினர், தலைவர் லாரன்ஸ் ராக்கஃபெல்லர்.

1962 ஜனவரி 31 அன்று ஆணையம் தன் அறிக்கையைக் குடியரசுத் தலைவர் கென்னடியிடம் அளித்தது. உடன் 27 ஆய்வுத் தொகுதிகள். 1960 கோடையில் அமெரிக்கரில் 90 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு திறந்தவெளிப் பொழுதுபோக்கில் ஈடுபட்டனர் என்றும், அவ்வாறு ஈடுபட்டது மொத்தம் 440 கோடி முறை என்றும் அது கணக்கிட்டது. 2000ஆம் ஆண்டில் அத்தொகை 1,240 கோடியாகும் என்று மதிப்பிட்டது. மக்கள் அதிகம் செய்தவை மலையேற்றமோ வேட்டையோ அல்ல. காரில் சுற்றுவதும் காலாற நடப்பதுமே முன்னணியில் நின்றன. அறிக்கையின் மற்றொரு முடிவு மேலும் கூர்மையானது. நாட்டில் நிலம் ஏராளம். ஆனால் அது மக்கள் இருக்கும் இடத்தில் இல்லை. பெருநகரங்களை ஒட்டியே பற்றாக்குறை கடுமையாக இருந்தது.

அறிக்கை வந்த சில வாரங்களில், 1962 ஏப்ரலில், உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் திறந்தவெளிப் பொழுதுபோக்குப் பணியகத்தை நிறுவினார். அதன் முதல் இயக்குநர் எட்வர்ட் கிராஃப்ட்ஸ் வனச்சேவையிலிருந்து வந்தவர். பூங்காச் சேவைக்கும் வனச்சேவைக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிய போட்டியில் எந்தப் பக்கமும் சாயாத அமைப்பாக அது இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை நடத்தும் பொறுப்பு இப்பணியகத்திடம் வந்தது.

இதற்கிடையே விஸ்கான்சின் தன் வழியில் முந்திக்கொண்டது. ஆளுநர் கேலார்டு நெல்சன் 1961இல் சிகரெட் பெட்டிக்கு ஒரு சென்ட் வரி விதித்து, 10 ஆண்டுகளில் 5 கோடி டாலருக்கு நிலம் வாங்கும் திட்டத்தை நிறைவேற்றினார். நிலவடிவமைப்பாளர் பிலிப் லூயிஸ் அம்மாநிலத்தின் இயற்கை, பண்பாட்டு வளங்களை வரைபடங்களில் குறித்தபோது, மக்கள் மதிக்கும் இடங்கள் சிதறிக் கிடக்காமல் ஆறு, சதுப்பு, செங்குத்துச் சரிவு ஆகியவற்றை ஒட்டி நீண்ட பட்டைகளாகக் கூடியிருப்பது தெரிந்தது. எதை வாங்குவது என்ற வினாவுக்கு வரைபடமே விடை சொன்னது.

இரண்டு சொற்கள்

1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மாநிலத் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை யாவை என்று கூறும் பகுதியில், பொழுதுபோக்கு வளங்களின் 'டிமாண்ட்', 'சப்ளை' ஆகியவற்றை மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். பணத்தை மாநிலங்களிடையே பகிர்வதைக் கூறும் பகுதியிலோ, ஐந்தில் இரண்டு பங்கைச் சமமாகவும் எஞ்சிய மூன்று பங்கை 'நீட்' அடிப்படையிலும் தர வேண்டும் என்கிறது. ஒரே சட்டத்தில் இரு அளவுகோல்கள்.

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் முதல் சொல்லும் 'தேவை'தான். அன்றாட வழக்கில் இரண்டாவது சொல்லும் 'தேவை'தான். வேறுபாடு மறைந்துபோகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முதலதைக் 'கேள்வி' என்று வழங்குகின்றன. இவ்விடத்தில் அதுவே பொருத்தமான சொல். கேள்வி என்பது கேட்டவர்களின் கணக்கு. பூங்காவுக்கு வந்தவர், படகு வைத்திருப்பவர், கூடாரம் அடித்தவர் ஆகியோரின் எண்ணிக்கை அது. தேவை என்பது கேளாதவரையும் உள்ளடக்கியது. காரில்லாதவர், விடுமுறையில்லாதவர், வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர், அண்மையில் பூங்காவே இல்லாத தெருவில் வளரும் குழந்தை ஆகிய எவரும் கேள்விக் கணக்கில் வருவதில்லை. ஆனால் தேவைக் கணக்கில் அவர்களே முதலில் நிற்க வேண்டியவர்கள்.

மாநிலத் திட்டங்கள் பிடித்துக்கொண்டது கேள்வியைத்தான். அதற்குக் காரணம் தீய எண்ணம் மட்டுமன்று. அளக்கும் வசதியும் ஆகும். பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங் 1947இல் பூங்காச் சேவைக்கு எழுதிய கடிதத்தில், பூங்காவுக்கு வர மக்கள் செலவிடும் பயணச் செலவிலிருந்து அதன் மதிப்பைக் கணிக்கலாம் என்று யோசனை கூறியிருந்தார். 1950களின் இறுதியில் மேரியன் கிளாசன் அதை முறையான கணக்காக வளர்த்தார். நேர்த்தியான முறை அது. ஆனால் பயணமே செய்யாதவர் அதன் வளைகோட்டில் ஒரு புள்ளியாகவும் இடம்பெறமாட்டார். இதில் மற்றொரு சுழலும் உண்டு. படகுத்துறை கட்டினால் படகோட்டுவோர் பெருகுவர். அடுத்த கணக்கெடுப்பில் படகோட்டலுக்குக் கேள்வி மிகும். மேலும் படகுத்துறைகள் கட்டப்படும். கிடைத்ததே கேட்கப்பட்டது, கேட்கப்பட்டதே மீண்டும் கிடைத்தது.

இந்த இடைவெளி வெறும் புள்ளியியல் குறை என்று கருதுவோர் 1968இல் வெளிவந்த கெர்னர் ஆணைய அறிக்கையைப் பார்க்கலாம். முந்தைய ஆண்டு நகரங்களில் வெடித்த கலவரங்களின் காரணங்களை ஆராய்ந்த அவ்வாணையம், கறுப்பினக் குடியிருப்புகளின் குறைகளைக் கடுமை வரிசையில் மூன்று படிகளாக அடுக்கியது. காவல்துறையின் நடத்தை, வேலையின்மை, மோசமான வீடுகள் முதற்படியில் இருந்தன. அடுத்த படியில், போதாத கல்விக்கு அருகே, போதாத பொழுதுபோக்கு வசதிகள் இடம்பெற்றன. திட்டங்களின் கேள்விக் கணக்கில் தென்படாதவர்களின் குரல் கலவர விசாரணை அறிக்கையில் பதிவாயிற்று.

பணியகத்தின் உள்ளேயே இதை உணர்ந்தவர்கள் இருந்தனர். நகர்ப்புறப் பொழுதுபோக்குக்குப் பெருஞ்செலவை முன்மொழிந்த தேசியத் திட்ட வரைவு ஒன்று 1970இல் தயாரானது. நிக்சன் அரசு அதை வெளியிடாமல் நிறுத்திவைத்தது. 1973இல் சுருங்கிய வேறொரு திட்டம் அதிகாரபூர்வமாக வந்தது. நிறுத்தப்பட்ட வரைவை 1974இல் செனட் குழு ஒன்று அச்சிட்டது.

எண்ணெய்ப் பணமும் அதன் வறட்சியும்

தொடக்கத்தில் நிதியின் ஊற்றுக்கள் மூன்று: பூங்கா நுழைவுக் கட்டணம், கூட்டரசின் மிகைச்சொத்து விற்பனை, மோட்டார் படகு எரிபொருள் வரி. அவை போதவில்லை. 1968இல் கடலடி எண்ணெய்க் குத்தகை வருவாயைக் கொண்டு ஆண்டுக்கு 20 கோடி டாலர் வரை நிரப்பச் சட்டம் திருத்தப்பட்டது. மீண்டும் தோன்றாத எண்ணெய் வளத்தை எடுக்கும்போது, அதன் வருவாயில் ஒரு பகுதி நிலையான நிலமாக மாற வேண்டும் என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். 1977இல் உச்சவரம்பு 90 கோடி டாலராக உயர்ந்தது.

உச்சவரம்பு என்பது ஒதுக்கீடு அன்று. ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் பணத்தைத் தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளில் அது ஒதுக்கவில்லை. 1981இல் உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் காலத்தில், பழைய பணியகத்தின் வாரிசான அமைப்பு கலைக்கப்பட்டு அதன் பணிகள் பூங்காச் சேவைக்குச் சென்றன. 1982 நிதியாண்டில் மாநிலங்களுக்கான மானியம் சுழியம். 1996 முதல் 1999 வரை நான்கு நிதியாண்டுகளும் அவ்வாறே. பணத்திற்காக எழுதப்பட்ட திட்டங்கள் பணம் வராத ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமன்று. எழுதுவதற்கான முதன்மைக் காரணமே அற்றுப்போயிற்று.

அழியாத ஒரு விதி

ஆயினும் சட்டத்தின் ஆறாம் பிரிவில் உள்ள ஒரு விதி, பணம் வந்த காலத்திலும் வராத காலத்திலும் உயிரோடிருந்தது. இந்நிதியால் வாங்கப்பட்ட அல்லது மேம்படுத்தப்பட்ட நிலத்தை, உள்துறைச் செயலரின் ஒப்புதலின்றி, பொதுத் திறந்தவெளிப் பொழுதுபோக்கு தவிர்ந்த வேறெதற்கும் மாற்றக் கூடாது என்கிறது அவ்விதி. ஒப்புதல் தருவதற்கும் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது அதே சந்தை மதிப்புடைய, பயன்பாட்டிலும் அமைவிடத்திலும் ஏறத்தாழ இணையான நிலம் ஈடாகத் தரப்பட வேண்டும். மேலும் அம்மாற்றம் 'அப்போது நடப்பிலுள்ள' மாநிலத் திட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு குளத்தைச் சீரமைக்கச் சிறிய மானியம் பெற்ற ஊர்கூட அக்குளம் அமைந்த பூங்காவைக் காலவரையின்றிக் காத்தாக வேண்டும். 40,000க்கும் மேற்பட்ட திட்டங்களின் வழியே இந்தப் பூட்டு நாடெங்கும் பரவியிருக்கிறது.

'அப்போது நடப்பிலுள்ள' என்ற அடைமொழி கவனத்திற்குரியது. நிலத்தின் மீதான தடை நிரந்தரம். அதை நீக்கலாமா என்று தீர்மானிக்கும் அளவுகோலோ அவ்வப்போது திருத்தி எழுதப்படும் ஆவணம். ஆகவே இன்று எழுதப்படும் திட்டம் பழைய பூங்கா ஒன்றின் தலைவிதியையும் தொடும்.

இவ்விதியின் வலிமையும் எல்லையும் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் வெளிப்பட்டன. யாங்கீஸ் பேஸ்பால் அணியின் புதிய அரங்கம் கட்டப்பட்ட மேகோம்ஸ் டாம் பூங்கா இந்நிதியின் உதவி பெற்றது. ஆகவே நில மாற்றத்திற்குக் கூட்டரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2006இல் அது கிடைத்தது. ஈடாகத் திடல்கள் அமைக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. புதிய அரங்கம் 2009 ஏப்ரலில் ஆட்டத்திற்குத் தயாரானது. பழைய அரங்கம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் பொதுத் திடல் திறக்கப்பட்டது 2012இல். விதி காகிதத்தில் காக்கப்பட்டது. ஈட்டு நிலமும் வந்தது. ஆனால் 2006இல் எட்டு வயதாக இருந்த அவ்வட்டாரச் சிறுவனுக்கு அத்திடல் கிடைத்தபோது வயது பதினான்கு. இணையான மதிப்பு என்ற கணக்கில் காத்திருந்த ஆண்டுகளுக்கு இடமில்லை.

அளவுகோலின் மாற்றம்

கடந்த 20 ஆண்டுகளில் சில மாநிலங்கள் கணக்கின் திசையை மாற்றியுள்ளன. கலிபோர்னியா 2008இல் இயற்றிய சட்டம், 1,000 பேருக்கு 3 ஏக்கருக்கும் குறைவான பூங்கா நிலமுள்ள பகுதிகளைப் பின்தங்கியவை என வரையறுத்து, மாநில மானியத்தில் முன்னுரிமை தந்தது. ஒருவருக்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர். வீட்டிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் பூங்கா இல்லாதோர் எத்தனை பேர் என்பதை அம்மாநிலத்தின் வரைபடங்கள் இன்று தெருவாரியாகக் காட்டுகின்றன. இங்கே எண்ணப்படுவது வந்தவர்களின் தொகை அன்று. வர இடமில்லாதவர்களின் தொகை. 1964ஆம் ஆண்டுச் சட்டம் பணப் பகிர்வுக்கு மட்டும் வைத்திருந்த 'தேவை' என்ற சொல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் திட்டத்தின் உள்ளே நுழைந்திருக்கிறது.

2019இல் இந்நிதி நிரந்தரமாக்கப்பட்டது. குறைந்தது 40 விழுக்காடு மாநிலங்களுக்கு என்றும் வகுக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் வந்த சட்டம் ஆண்டுக்கு 90 கோடி டாலர் முழுமையாகக் கிடைக்க வழி செய்தது. பணம் வருமா என்ற நிச்சயமின்மை பெருமளவு நீங்கியபின், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படும் மாநிலத் திட்டத்தின் மேல் விழும் பொறுப்பு கூடியிருக்கிறது. அதை எழுதும் அலுவலர் முதலில் தயாரிப்பது ஒரு வினாநிரல். அவ்வினாநிரலைப் பூங்கா வாயிலில் நின்று வருவோரிடம் நீட்டுவதா, பூங்கா இல்லாத தெருவில் வீடு வீடாகச் சென்று கேட்பதா என்பதிலேயே எந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். திட்ட ஆவணங்களை வரலாற்றுச் சான்றாகப் பயிலும் மாணவர்கள், அவற்றின் பரிந்துரைகளுக்கு முன்பாக, பின்னிணைப்பில் ஒதுங்கிக் கிடக்கும் அந்த வினாநிரலைப் படிப்பது நலம்.